நீலத் தலைத்துணிக்காரி

ஹோஷூட் ஆற்றங்கரை, கோடை முகாம்
ஜூன் 8

டுல்மாவுக்கு,

பட்டணத்துக் கோடை உனக்கு ஒத்துக்கொண்டதா? இருமல் குறைந்ததா? இங்கே எல்லாரும் சுகம். மாடுகள் பச்சைப் புல்லைக் கண்டு மினுங்கத் தொடங்கிவிட்டன. சோல்மோன் நன்றாகச் சாப்பிடுகிறாள். நீ போன அன்று மட்டும் அழுதாள். பிறகு உன் பெட்டியைத் திறந்து நீலத் தலைத்துணியை எடுத்து, முகத்தில் போர்த்திக்கொண்டு தூங்கிப் பழகிவிட்டாள்.

பால் வேலையைப் பற்றி நீ கவலைப்படவே வேண்டாம். நான் சொன்னபடி சென்ட்மா அண்ணி வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார். கறப்பது, உறை ஊற்றுவது, புளித்த தயிரில் சாராயம் காய்ச்சுவது, தயிர்க்கட்டி உலர்த்துவது, எல்லாமே அவர்தான். நான் மாட்டோடு சரி. நீ ஊசியைப் போட்டுக்கொண்டு, டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு கிட.

அண்ணி ஒரு சின்ன சந்தேகம் கேட்கச் சொன்னார். சாராயம் காய்ச்சும்போது உருளைக்குள் தொங்கவிடுகிற பாத்திரத்தை நீ எங்கே கட்டுவாய்? நடுவிலா, ஓரத்திலா? அவசரம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் சீக்கிரம் எழுது.

இரண்டு வேளையும் சூடாகக் குடி. ஜன்னலோரம் படுக்காதே.

நம்ஜில்


பட்டணம், மார்பு நோய் மருத்துவமனை
ஜூன் 21

சோல்மோனின் அப்பாவுக்கு,

நீங்களும் பிள்ளையும் நலமா? கன்றுகள் நலமா? செம்பசு ஈன்றுவிட்டதா? எனக்கு ஊசி நடக்கிறது. இருமல் இரவில் மட்டும்தான் வருகிறது. சாப்பாட்டில் உப்பே இல்லை, மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

பாத்திரத்தை நடுவில் கட்ட வேண்டும். அண்டாவில் ஊறல் கொதிக்கும். ஆவி மர உருளை வழியாக ஏறி, மேலே வைத்த தண்ணீர்ச் சட்டியின் அடியில் பட்டு வேர்க்கும். சட்டியின் அடி எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கிருந்துதான் சொட்டும். அது நடுவில்தானே இருக்கிறது? ஓரத்தில் கட்டினால் சொட்டுவதெல்லாம் திரும்ப அண்டாவுக்கே போய்விடும்.

ஆனால் ஒன்று எனக்குப் புரியவில்லை. நான் மருமகளாக வந்தபோது இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே சென்ட்மா அண்ணிதான். முதல் நாள் நான் ஓரத்தில் கட்டியதைப் பார்த்து, "ஏண்டி, யாருக்குக் காய்ச்சுற, அண்டாவுக்கேவா?" என்று கேட்டு ஊரைக் கூட்டினார். அவர் இப்போது என்னிடம் கேட்கிறாரா? அவருக்கு உடம்பு சரியில்லையா?

அடுப்புக்கு வறட்டிதான் வைக்க வேண்டும். விறகுக் கட்டை வேண்டாம், தீ மிஞ்சினால் அடிப்பிடிக்கும். இதையும் அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளையின் உச்சியை எனக்காக முகருங்கள்.

டுல்மா


ஹோஷூட் ஆற்றங்கரை
ஜூன் 30

சென்ட்மா அண்ணிக்கு,

கணவாய்க்கு அந்தப் பக்கம் புல் எப்படி? ஆடுகள் தேறிவிட்டனவா? அண்ணனுக்கு முதுகு தேவலையா?

இந்தக் கடிதத்தை நீங்கள் மட்டும் படிக்க வேண்டும் என்று எழுதத்தான் ஆசை. உங்களுக்கு எழுத்துத் தெரியாதே. சரி அண்ணா, நீயே படித்துக் காட்டு. சிரிக்காமல் படி.

நான் சாராயம் காய்ச்சுகிறேன், அண்ணி. வேறு யாரும் இல்லை, நான்தான்.

டுல்மா மருத்துவமனைக்குப் போகமாட்டேன் என்று நின்றாள். "நான் போய்ட்டா பாலை யாரு பாக்குறது? குளிர்காலத்துல பிள்ளை எதைத் திங்கும்?" என்று இருமலுக்கு நடுவே அதையே கேட்டாள். "அண்ணி வந்து பாத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் மலைக்கு அந்தப் பக்கம் கிளம்பப் போவது எனக்கு அப்போதே தெரியும். அவள் லாரி ஏறினால் போதும் என்று இருந்தது.

அவள் போன பிறகு தயிர் தொட்டி தொட்டியாகப் புளித்து நுரைத்தது. காய்ச்சாமல் விட்டால் சாராயம் மட்டுமா போகும்? அண்டாவில் மிஞ்சுவதைப் பிழிந்து உலர்த்தினால்தானே தயிர்க்கட்டி. ஆகவே உட்கார்ந்தேன். முதல் தடவை மதியமெல்லாம் தீ போட்டு, தண்ணீர் மாற்றி, உருளையைத் தூக்கிப் பார்த்தால் பாத்திரம் காலி. யாரோ திருடிவிட்டார்கள் என்றே கொஞ்ச நேரம் நினைத்தேன். அடுத்த தடவை, நிறைய ஊற்றினால் நிறைய வரும் என்று அண்டாவை விளிம்பு வரை நிரப்பினேன். பொங்கி ஏறிப் பாத்திரத்துக்குள்ளேயே விழுந்துவிட்டது. குடித்துப் பார்த்தேன், புளித்த கஞ்சி. அதற்கடுத்த தடவை நிஜமாகவே சொட்டியது, அண்ணி. அடிப்பிடித்த வாடைதான். தயிர்க்கட்டியிலும் அதே வாடை. அதையே கொஞ்சம் கட்டி, பாலாடை எடுக்க வரும் தம்பாவின் லாரியில் டுல்மாவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

வெட்கம் பிடுங்கித் தின்கிறது. நாலு வருடமாக இந்த வட்டாரத்து மல்யுத்தத்தில் என் முதுகில் மண் ஒட்டியதில்லை. அப்படிப்பட்டவன் கூடாரத்தின் கிழக்குப் பக்கம், பெண்கள் இடத்தில் குந்திக்கொண்டு சட்டி துடைக்கிறேன். மேட்டுப் பாதையில் போகிறவர்கள் கண்ணில் படும் என்று டுல்மாவின் பழைய அங்கியைப் போட்டுக்கொள்கிறேன். தோளில் தையல் விட்டுவிட்டது. தலைக்கு அவளுடைய நீலத் துணி. யாராவது கேட்டால் "அம்மா காய்ச்சுறாங்க" என்று சொல்லும்படி சோல்மோனுக்குப் பழக்கியிருக்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். டுல்மா உங்களுக்கு எழுதினால், நீங்கள்தான் வந்து போகிறீர்கள் என்று பதில் போட்டுவிடுங்கள்.

கொழுந்தன் நம்ஜில்


கணவாய்க்கு வடக்கே
ஜூலை 7

தம்பி நம்ஜிலுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமா? புல் முழங்கால் வரை இருக்கிறது. இதற்கு மேல் உன் அண்ணி சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஒரு சொல் மாற்றினாலும் சோறு கிடையாது என்கிறாள். சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஏண்டா தம்பி, உனக்குப் புத்தி எங்க போச்சு? டுல்மா பட்டணத்துல கிடக்கிறது ஊரு உலகத்துக்கே தெரியும். அப்புறம் 'அம்மா காய்ச்சுறாங்க'ன்னு பிள்ளை சொன்னா, எந்த அம்மான்னு கேக்கமாட்டானா? ஒரு பொய்யை மறைக்கப் போயி வீட்டுக்குள்ள ஒரு பொம்பளையவே கொண்டாந்து உக்கார வெச்சிருக்க. அந்தப் பொம்பளை நீதான்னு எவன் நம்புவான்?

"நான் பொய் சொல்லமாட்டேன். டுல்மா கேட்டா உள்ளதைச் சொல்லுவேன். அதுக்கு முன்னாடி நீயே எழுதிடு. காய்ச்சுறதுல என்னடா கேவலம்? கை இருக்கிறவன் காய்ச்சுறான். உங்க அண்ணனைப் பாரு, வாயை மட்டும் வெச்சுக்கிட்டுக் குடிக்கிறாரு, அவருக்கு வெட்கமா இருக்கா?" (இதையும் எழுதச் சொல்கிறாள்.)

"உருளைக்கும் அண்டாவுக்கும் நடுவுல ஈரத் துணியைச் சுத்து. அண்டால முக்கால்தான் ஊத்தணும். கட்டையைத் தொடாத. மேல்சட்டித் தண்ணி கை பொறுக்காத சூடு வந்ததும் மாத்து. போய் எழுதுடா அவளுக்கு."

இவ்வளவுதான். நானும் சொல்கிறேன், எழுதிவிடு. பிறகு, நான் சிரிக்கவில்லை. கொஞ்சம்தான் சிரித்தேன்.

உன் அண்ணன் பால்டன்


பட்டணம், மார்பு நோய் மருத்துவமனை
ஜூலை 19

சோல்மோனின் அப்பாவுக்கு,

நலமா? பிள்ளை நலமா? நான் இருக்கிறேன்.

தம்பா அண்ணன் வந்து தயிர்க்கட்டி கொடுத்தார். ஒன்றை வாயில் போட்டேன். கட்டை வைத்து எரித்திருக்கிறது. அடிப்பிடித்த பிறகு கிளறியிருக்கிறது. பழகிய கை எதுவும் இதைச் செய்திருக்காது.

நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "சென்ட்மா அக்காவா? அவங்க கணவாயைத் தாண்டிப் போயி எத்தனை நாளாச்சு! உங்க வீட்டுல வேற யாரோ பொம்பளை இருக்கும்மா. நீலத் துணி கட்டியிருந்துச்சு. நல்ல வாட்டசாட்டமான உடம்பு. நான் பாதையோரமா பாலாடை டப்பாவை ஏத்திக்கிட்டு இருந்தேன். உம் பொண்ணு வந்துச்சு. உள்ள யாரும்மான்னேன். அம்மா காய்ச்சுறாங்கன்னுச்சு." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றி லாரி டயரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

நீலத் துணி என்னுடையது. பெட்டியில் வைத்துவிட்டு வந்தது.

அவள் புதிதாகக் கற்றுக்கொள்கிற பெண் என்று உங்கள் கேள்வியிலேயே தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்து பதில் வேறு எழுதினேன், பாத்திரத்தை நடுவில் கட்டச் சொல்லி.

நான் சண்டை போடப் போவதில்லை. சண்டை போட மூச்சும் இல்லை. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அவளை அம்மா என்று கூப்பிடும்படி பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்களா?

டுல்மா


ஹோஷூட் ஆற்றங்கரை
ஜூலை 30

டுல்மாவுக்கு,

உடம்பு எப்படி? மூச்சு இல்லை என்று எழுதியிருந்தாயே, டாக்டர் என்ன சொன்னார்? சோல்மோன் சுகம். செம்பசு காளைக்கன்று போட்டிருக்கிறது.

நீ நினைப்பது போல் இல்லை. சத்தியமாக இல்லை. சென்ட்மா அண்ணி கணவாயைத் தாண்டிப் போனது உண்மைதான், அதை நான் உன்னிடம் மறைத்தது தப்பு. உதவிக்கு ஒரு கிழவி வந்து போகிறாள். தூரத்துச் சொந்தம், உனக்குத் தெரியாது. பார்வை மங்கியவள். அதனால்தான் அடிப்பிடித்துவிட்டது. தம்பாவுக்கும் கண் சரியில்லை என்று நினைக்கிறேன், கிழவியைப் போய் வாட்டசாட்டம் என்கிறான். தலைத்துணியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன், ஆவி தலையில் படாமல் இருக்க. அம்மா என்பது பிள்ளையின் விளையாட்டுப் பேச்சு.

இதை எழுதிவிட்டுத் திரும்பப் படித்துப் பார்த்தேன். எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் தம்பா லாரியைக் கிளப்பிக்கொண்டிருக்கிறான், ஆகவே அனுப்புகிறேன்.

நீ நன்றாக இரு. அது போதும்.

நம்ஜில்


ஹோஷூட் ஆற்றங்கரை
ஆகஸ்ட் 18

டுல்மாவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? தம்பா திரும்பி வந்தான், உன் கடிதம் இல்லை. வார்டுக்குள் அவனை விடவில்லையாம். தயிர்க்கட்டிப் பொட்டலத்தையும் என் கடிதத்தையும் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். அஞ்சலிலும் ஒன்றும் வரவில்லை.

கோபமாக இருந்தால் திட்டி எழுது. கெட்ட வார்த்தை போட்டுக்கூட எழுது. சும்மா இருக்காதே.

சோல்மோனின் முடியெடுப்புக்கு நாள் குறிக்கச் சொல்கிறார்கள். நாலு வயது முடிவதற்குள் எடுக்க வேண்டுமாம். முதல் கத்தரியைப் பிடிக்க நீ இல்லாமல் நான் நாள் குறிக்கமாட்டேன்.

நம்ஜில்


ஹோஷூட் ஆற்றங்கரை
ஆகஸ்ட் 27

சென்ட்மா அண்ணிக்கு,

நலமா? அண்ணன் நலமா? அங்கே உறைபனி விழத் தொடங்கிவிட்டதா? இங்கே மழை.

மானம் போய்விட்டது, அண்ணி. யாரோ வந்து சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் மழையில் தம்பாவின் லாரி சேற்றில் மாட்டியிருக்கிறது. நம் கூடாரத்துப் புகையைப் பார்த்துவிட்டு நடந்து வந்திருக்கிறான். காய்ச்சுகிற வீடு என்று வாசம் பிடித்தவன் சும்மா போவானா? வழக்கப்படி வெளியே குவித்திருந்ததில் ஒரு வறட்டியை எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். காய்ச்சுகிற அடுப்புக்கு ஒரு வறட்டி கொண்டு வருகிறவனுக்கு ஒரு கிண்ணம் உண்டு, அவனை உள்ளே வராதே என்று சொல்ல நாம் யார்? இந்த வழக்கம் எனக்கு மறந்துபோகவில்லை. மழைக்கு யாரும் வரமாட்டார்கள் என்று இருந்துவிட்டேன்.

நான் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் குனிந்து அடுப்பில் வறட்டியை வைத்து, "நிறைய வடியட்டும், தாயி" என்று மரியாதையாகச் சொன்னான். நான் திரும்பவில்லை. தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டேன். சோல்மோன்தான் ஓடி வந்தாள். "தம்பா மாமா, அப்பா என்னை மட்டும் தண்ணி ஊத்த விடமாட்டேங்குறாரு. நீங்க சொல்லுங்க!"

"அப்பாவா? எங்கம்மா அப்பா?"

அவள் என் முதுகைத் தொட்டுக் காட்டினாள்.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "ஆத்தாடி! நம்ஜில் மருமகளே! மாமியார் கொடுமை ஒண்ணும் இல்லையே? வேளாவேளைக்குச் சாப்பாடு போடுறாங்களா?" என்றான். ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, "சும்மா சொல்லக் கூடாது, மருமகளுக்குக் கை பதமா வந்திருக்கு" என்றான். உண்மையில் இப்போது அடிப்பிடிப்பதில்லை. அதைக்கூடச் சந்தோஷமாகக் கேட்க முடியவில்லை.

ஒரு வாரத்தில் வட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது. நேற்று முன்தினம் பக்கத்து முகாம் கல்யாணத்தில் மல்யுத்தம். நான் பிடி போட்டு நிற்கிறேன், கூட்டத்தில் ஒருவன் கத்துகிறான்: "மருமகளே, சட்டி சூடாயிருச்சு, தண்ணிய மாத்து!" எல்லாரும் சிரித்தார்கள். என் கை தளர்ந்துவிட்டது. மீசை முளைக்காத பையன் என் முதுகில் மண் ஒட்ட வைத்தான்.

அதுகூடப் போகட்டும். டுல்மாவிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. கிழவி ஒருத்தி வருகிறாள் என்று அவளுக்கு இன்னொரு பொய் எழுதியிருக்கிறேன். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதே என்று தம்பாவுக்கு ஒரு குப்பி கொடுத்து வாயைக் கட்டியிருக்கிறேன். பைத்தியக்காரத்தனம் என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. அவள் என்னை முதன்முதலில் பார்த்ததே மல்யுத்தக் களத்தில்தான், அண்ணி. எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று அவள் நினைப்பதுகூடப் பரவாயில்லை, தலைத்துணி கட்டி உட்கார்ந்திருக்கிற என்னை நினைத்துப் பார்க்காமல் இருந்தால் போதும் என்று ஒரு நேரம் தோன்றியது. நான் இவ்வளவு கேவலமானவன் என்று எனக்கே தெரியாது.

நம்ஜில்


பட்டணம், மார்பு நோய் மருத்துவமனை
செப்டம்பர் 10

சோல்மோனின் அப்பாவுக்கு,

நலமா? முகாம் மாற்றிவிட்டீர்களா? பிள்ளைக்குக் குளிருக்குச் சட்டை போதுமா? போன வருடத்தது இப்போது முழங்கைக்கு ஏறியிருக்கும்.

இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபம் காரணம் இல்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் எனக்கு அறுவை செய்தார்கள். வலது பக்கத்து நுரையீரலில் ஒரு துண்டை எடுத்துவிட்டார்கள், விலா எலும்பும் கொஞ்சம் போய்விட்டது. செய்வார்கள் என்று ஜூனிலேயே எனக்குத் தெரியும். உங்களுக்கு எழுதவில்லை. அதன் பிறகு கையைத் தூக்க முடியவில்லை. தூக்க முடிந்த பிறகும் எழுத வெட்கமாக இருந்தது.

டாக்டர் சொல்கிறார், பிழைத்துவிட்டாய், ஆனால் கனமான எதையும் இனி வாழ்நாளில் தூக்கக் கூடாது. தண்ணீர் நிறைந்த மேல்சட்டியை நான் தூக்க முடியாது. அண்டாவை இறக்க முடியாது. கறந்த பாலை ஒரு வாளி கூடச் சுமக்க முடியாது. இந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு இனி எனக்கு என்ன வேலை மிச்சம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை.

அதனால் இதை எழுதுகிறேன். கிழவி என்று எழுதியிருந்தீர்கள். கிழவியோ குமரியோ, யாராக இருந்தாலும் சரி, அவளை அனுப்பிவிடாதீர்கள். நான் வருகிறேன் என்பதற்காக அவளைத் துரத்தினால் பால் கெடும், பிள்ளை பட்டினி கிடக்கும். அவள் இருக்கட்டும். சோல்மோன் அவளை அம்மா என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுப் பழகிக்கொள்வேன். எனக்கு வாசலோரம் ஒரு மூலை கொடுத்தால் போதும்.

தம்பா அண்ணன் வாசலில் கொடுத்துவிட்டுப் போன தயிர்க்கட்டியை இப்போதுதான் சாப்பிட விட்டார்கள். அடிப்பிடித்த வாடை இல்லை. புளிப்பும் சரியாக இருக்கிறது. நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

டுல்மா


இலையுதிர் முகாம்
செப்டம்பர் 22

என் டுல்மாவுக்கு,

காயம் ஆறிவிட்டதா? மூச்சு விடும்போது வலிக்கிறதா? படுத்தால் எந்தப் பக்கம் படுக்கிறாய்? எல்லாவற்றையும் எழுது, ஒன்றையும் மறைக்காதே. இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

அவள் நான்தான், டுல்மா.

கிழவி இல்லை, குமரி இல்லை. உன் நீலத் துணியைக் கட்டிக்கொண்டு, உன் அங்கியைத் தோளில் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். பாத்திரத்தை ஓரத்தில் கட்டியவன் நான். கட்டை வைத்து எரித்தவன் நான். மேட்டுப் பாதையில் போகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்களே என்று பெண் வேஷம் போட்டேன். அம்மா காய்ச்சுறாங்க என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். நீ கேட்ட அந்த ஒரு கேள்விக்கு அப்போதே இதை எழுதியிருக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு, அறுவைக்குப் போகிறவளுக்குக் கிழவிக் கதை எழுதி அனுப்பினேன். கத்திக்கு அடியில் படுக்கும்போது நீ என்ன நினைத்துக்கொண்டு படுத்திருப்பாய் என்று எண்ணினால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சந்தேகம் இருந்தால் தம்பாவைக் கேள். வறட்டியோடு உள்ளே வந்து கையும் களவுமாகப் பிடித்தவன் அவன்தான். வட்டாரத்தில் என் பெயர் இப்போது மருமகள். சின்னப் பையன்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். உன் கடிதம் வரும்வரை அது பெரிய அவமானமாக இருந்தது. வாசலோரம் ஒரு மூலை என்று நீ எழுதியதைப் படித்த பிறகு, மாட்டுப் பட்டிக்குப் போய் நின்று அழுதேன். உன்னை அப்படி எழுத வைத்ததுதான் எனக்கு அவமானம். மற்றதெல்லாம் ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு தடவையும் முதல் கிண்ணத்தில் நெருப்புக்குக் கொஞ்சம், வானத்துக்குக் கொஞ்சம் தெளித்த பிறகு, மீதியைக் கிழக்குப் பக்கம் உன் இடத்தில் வைப்பேன். யாரும் குடிப்பதில்லை. ஆறிய பிறகு ஒரு குப்பியில் ஊற்றி வைக்கிறேன். சோல்மோனின் முடியெடுப்புக்கு ஆகும் அளவுக்கு அது நிறைந்திருக்கிறது. அடிப்பிடித்ததும் அதில்தான் இருக்கிறது, நன்றாக வந்ததும் அதில்தான் இருக்கிறது. கலந்து எப்படி இருக்கிறதோ தெரியாது.

இனி மேல்சட்டியை நான் தூக்குகிறேன். எல்லா வருடமும் தூக்குகிறேன். நீ உன் இடத்தில் உட்கார்ந்து தண்ணீரில் கை வைத்துப் பார்த்து, மாத்து என்று சொன்னால் போதும். கடைசி ஊறல் ஒரு தொட்டி மட்டும் மிச்சம் இருக்கிறது. நீ வரும் நாளில் காய்ச்சுகிறேன். தலைத்துணியைத் துவைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

வா.

நம்ஜில்


பட்டணம், மார்பு நோய் மருத்துவமனை
அக்டோபர் 3

என் வீட்டுக்காரருக்கு,

நலமா? சோல்மோன் நலமா? எனக்குக் காயம் ஆறிவிட்டது. இடது பக்கம்தான் படுக்கிறேன். ஆழமாக மூச்சு விட்டால் வலிக்கிறது, சிரித்தால் அதைவிட வலிக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்த சிரிப்பில் காயம் திறந்துவிடும் என்று பக்கத்துக் கட்டில்காரி நர்ஸைக் கூப்பிட்டுவிட்டாள். நர்ஸ் வந்து பார்க்கும்போது நான் அழுதுகொண்டிருந்தேன். எங்கே வலிக்கிறது என்று கேட்டாள்.

இந்தக் கோடை முழுக்க அவளைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். அவளுக்கு என்ன வயது, கை எப்படி இருக்கும், பிள்ளைக்குத் தலை வாரத் தெரியுமா என்று. செத்துப்போக வேண்டும் என்றுகூட அவளைச் சபித்திருக்கிறேன். எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. நீங்கள் சொன்னீர்கள், அதனால் நானும் சொல்கிறேன்.

பதினாறாம் தேதி வீட்டுக்கு விடுகிறார்கள். தம்பா அண்ணன் லாரியில் வருகிறேன். முன்சீட்டில் கம்பளி விரித்துத் தருகிறேன் என்றார். நான் ஒன்றும் கேட்காமலேயே, "நான் எதுவும் சொல்லமாட்டேம்மா, குப்பி வாங்கியிருக்கேன்" என்றார். பாவம், சொல்லாமல் இருக்க அவர் படுகிற பாட்டைப் பார்க்க முடியவில்லை.

அன்றைக்குக் கடைசி ஊறலைக் காய்ச்சுங்கள். கதவைத் திறந்து வையுங்கள். நான் வெளியே குவித்திருப்பதில் ஒரு வறட்டி எடுத்துக்கொண்டு உள்ளே வருவேன். ஒரு வறட்டி தூக்கலாம், டாக்டரிடம் கேட்டுவிட்டேன். அடுப்பில் வைத்து, நிறைய வடியட்டும் என்று சொல்வேன். பிறகு என் இடத்தில் உட்கார்ந்து நீங்கள் எனக்காகச் சேர்த்த குப்பியிலிருந்து ஒரு வாய் குடிப்பேன், அடிப்பிடித்ததையும் சேர்த்து.

ஒன்றே ஒன்று. தலைத்துணியைப் பெட்டியிலிருந்து எடுங்கள். தம்பா அண்ணன் பின்னாலேயே வருவார், பார்ப்பார், சிரிப்பார். இருக்கட்டும். கட்டிக்கொண்டு உட்காருங்கள். ஒரு கோடை முழுக்க நான் வெறுத்தவள், அவள் முகத்தை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

டுல்மா